கத்திக்காரனுக்குக் குறுக்கே புகுந்து ஒருவரைக் காப்பது: முதலில் போய்ச் சேரும் காவலருக்கு

துணிச்சல்காரர்கள் செய்யும் முதல் தவறு, வெறுங்கையால் கத்தியைப் பிடிக்கப் போவது. உள்ளங்கைப் பக்கத் தசைநாண் அறுந்தால் விரல் மடங்காது. பிறகு லத்தியும் பிடிக்க முடியாது, விலங்கும் பூட்ட முடியாது. காப்பாற்ற வந்தவரையே இன்னொருவர் காப்பாற்ற வேண்டிவரும்.

வண்டியிலிருந்து இறங்கும் முன் வயர்லெஸ்ஸில் நான்கு விஷயம்: எந்த இடம், என்ன ஆயுதம், எத்தனை பேர், ஆம்புலன்ஸ் தேவை. ஆம்புலன்ஸை 'பார்த்துவிட்டுச் சொல்வோம்' என்று தள்ளிப்போடாதீர்கள். வண்டியைக் கத்திக்காரனை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டாம். நீங்கள் கதவைத் திறப்பதற்குள் அவன் ஜன்னலுக்கு வந்திருப்பான்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டியூலர் 1983-இல் ஒரு கணக்கை எழுதினார். கத்தியோடு ஓடிவருபவன் 21 அடியைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறான். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிறது. '21 அடிக்குள் வந்தால் சுடலாம்' என்று இதைப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. அது தப்பு. உங்களுக்கு நேரம் போதாது என்பதுதான் அதன் பொருள். நேரத்தைக் கூட்டித் தருவது குறுக்கே கிடக்கும் பொருள்: கார், மேசை, கட்டில். அவன் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்றாலே உங்களுக்குச் சில விநாடிகள் கிடைக்கும்.

குத்து விழுந்துகொண்டிருந்தால் தள்ளி நின்று பேசிக்கொண்டிருக்க முடியாது. அப்போது அவன் கண்ணை உங்கள் பக்கம் திருப்புவதே முதல் வேலை. ஒரே ஆள், ஒரே கட்டளை: "கத்தியைக் கீழே போடு!" இரண்டு காவலர்கள் இரண்டு விதமாகக் கத்தினால் அவன் எதையும் கேட்க மாட்டான். நேர்கோட்டில் போகாமல் பக்கவாட்டில் நகர்ந்தால் தாக்கப்படுபவர் அவனுக்குப் பின்னால், உங்கள் துப்பாக்கியின் நேரே இருக்க மாட்டார். கேடயம் இல்லையா, நாற்காலியைத் தூக்குங்கள். கால்கள் அவன் பக்கம் இருக்கட்டும். லத்தி அடி கத்தி பிடித்த கையில் விழ வேண்டும், தலையில் அல்ல.

தாக்கப்பட்டவரிடம் 'ஓடுங்க' என்று மட்டும் சொன்னால் மிரண்டு நிற்பார், அல்லது உங்களையே கட்டிப்பிடித்துக்கொள்வார். "அந்த வண்டிக்குப் பின்னால போங்க" என்று இடத்தைச் சொல்லுங்கள். நடக்க முடியாதவரைப் பின்னாலிருந்து அக்குளுக்கடியில் கைகொடுத்து இழுக்கலாம்.

அவன் அடங்கியதும் கத்தியை எடுக்கக் குனியாதீர்கள். அவனைக் கத்தியிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். கையைப் பின்னால் வைத்து விலங்கிட்டு, இடுப்பிலும் காலிலும் இரண்டாவது ஆயுதம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குப்புறப் போட்டு முதுகில் உட்கார்ந்தால் மூச்சு நின்றுபோகலாம்.

அடுத்தது ரத்தம். குத்துப்பட்டவருக்குப் பல சமயம் எத்தனை குத்து என்றே தெரியாது. துணிக்கடியில் கையுறைக் கையை விட்டு அக்குள், முதுகு, தொடையிடுக்கு எல்லாம் தடவி, ஒவ்வொரு முறையும் கையில் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். கை கால் காயத்திலிருந்து ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே, உடம்பின் பக்கமாக 5 முதல் 7 செ.மீ. தள்ளி, மூட்டின் மேல் படாமல், டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை) கட்டி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கடுமையாக வலிக்கும், கெஞ்சுவார், தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை அதன்மேலேயே எழுதுங்கள். டூர்னிக்கெட் கட்ட முடியாத அக்குள், தொடையிடுக்குக் காயங்களில் காஸ் துணியை ஆழமாகத் திணித்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். உடம்பில் செருகி நிற்கும் கத்தியைப் பிடுங்கவே கூடாது. அதுவே சில நேரம் ரத்தக்குழாய்க்கு அடைப்பாக இருக்கும்.

சட்டையை வெட்டும்போது கத்தி போன ஓட்டையின் வழியே வெட்டாதீர்கள், தடயம் போய்விடும். ரத்தம் தோய்ந்த துணியைக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். இத்தனையும் முடிந்தபின், அதே கையுறையைக் கழற்றிவிட்டு, வேறொரு காவலரை விட்டு உங்கள் விலாவையும் முதுகையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.