கல் இடுக்குக்குச் சுண்ணாம்பு: ஏற்காட்டு லைன் வீட்டில் நான் செய்தது

எங்கள் வீடு ஒரு காலத்தில் தோட்டத்து லைன். ஒரே நீளக் கல்சுவர், ஐந்து அறை, அறைக்கொரு குடும்பம். மூன்றாவது அறையில்தான் அப்பாயி பிறந்தது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பி கொண்டுவந்த மலை இது. காப்பிக்கு ஆள் வேண்டும், ஆளை அடைக்க லைன் வேண்டும்.

போன முறை வந்த கொத்தனார் கல் இடுக்கெல்லாம் சிமெண்டால் பூசிவிட்டுப் போனார். பார்க்க அழகுதான். இரண்டே மழையில் உள்சுவர் வியர்த்தது, அரிசி மூட்டை பூத்தது. காரணம் எளிது. சேர்வராயன் மலையின் கறுங்கல் சார்னோக்கைட் வகை, தண்ணீரைக் குடிக்காது. சுவரில் ஏறும் ஈரம் இடுக்கு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதை சிமெண்டால் அடைத்தால், ஈரம் வீட்டுக்குள் வரும்; சுண்ணாம்புக் காரை என்றால் வெளியே விடும்.

எனவே முதலில் சிமெண்டை எடுங்கள். உளியும் சிறு சுத்தியலும் போதும், கட்டிங் மெஷின் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். ஓர் அங்குல ஆழம் தோண்டி, தூசியைத் துடைத்து, தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த கல்லில் காரை நிற்காது.

சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றி வையுங்கள். இரும்புப் பீப்பாயில் தண்ணீர் ஊற்றி, அதில் சுட்ட கல்சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள்; சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு வாரம் விட்டேன். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு வெண்ணெய்.

கலவை: சுண்ணாம்பு 1, மண் கலக்காத கொரகொரப்பான மணல் 3. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பது பழைய முறை, நானும் சேர்த்தேன். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில், குறுகிய கரணையால் அழுத்தி நிரப்புங்கள். கல் முகத்துக்குச் சற்று உள்ளேயே நிறுத்துங்கள்.

அப்புறம் பொறுமை. சுண்ணாம்பு காற்றை உறிஞ்சித்தான் மெல்ல இறுகும், அதற்கு ஈரமும் வேண்டும். ஒரு வாரம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டேன். ஐப்பசி மழையில் தொடாதீர்கள், காப்பிப் பழம் பறித்து முடிந்த மாசிதான் சரி.

மூன்றாவது அறை விளக்கு மாடத்தைச் சுற்றி மட்டும் வேலை பாக்கி. எண்ணெய்க் கறையில் காரை ஒட்டாது, சுரண்ட அப்பாயி விடவில்லை.