பழைய கிராபிக்ஸ் கார்டா, புதுசா: எது வேகம் என்று பார்ப்பது எப்படி

"என்னிடம் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ இருக்கிறது, ஆர்டிஎக்ஸ் 3060க்கு மாறினால் வேகம் கூடுமா?" என்று யாரிடமாவது கேட்டால், நாலு வருஷம் புதுசு, கூடாமல் எங்கே போகும் என்பார்கள். உண்மையில் 2017இல் வந்த அந்தப் பழைய கார்டும் 2021இல் வந்த 3060ம் நிறைய கேம்களில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. மாறினால் கரண்ட் மிச்சமாகும் (250 வாட் எங்கே, 170 வாட் எங்கே), ரே டிரேசிங் (ஒளி பட்டுத் தெறிப்பதை நிஜம்போலக் கணக்கிட்டு வரையும் முறை) கிடைக்கும், ஆனால் வேகம் கூடும் என்று நம்பி மாறினால் ஏமாந்துதான் போவீர்கள்.

முதலில் பெயரைப் பிரித்துப் படியுங்கள். 3060 என்றால் முதல் இரண்டு எண் தலைமுறை, கடைசி இரண்டு எண் அந்தத் தலைமுறையில் அதன் தகுதி. முந்தைய தலைமுறையின் 80ஐ அடுத்த தலைமுறையின் 60 தாண்டிவிடும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. சரி, பெயர் ஒன்றாக இருந்தால் கார்டும் ஒன்றுதானா என்றால் அதுவும் இல்லை. ஜிடி 1030 இரண்டு விதமாக வந்தது. ஜிடிடிஆர்5 மெமரி வைத்ததில் வினாடிக்கு 48 ஜிபி தரவு போகும், டிடிஆர்4 வைத்ததில் வெறும் 16.8 ஜிபி. பல கேம்களில் இரண்டாவது முதலாவதின் பாதி வேகத்தைத் தொடவே திணறும். ஜிடிஎக்ஸ் 1060லும் இப்படித்தான்: 3 ஜிபி, 6 ஜிபி என்று மெமரியில் மட்டும் வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் கோர்களே (கணக்குப் போடும் குட்டி அலகுகள்) 1152, 1280 என்று வேறு வேறு. அதனால் கையில் இருக்கும் கார்டு எதுவென்று கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இஸட் மென்பொருளைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து எல்லோரும் விழுகிற குழி, ஸ்பெக் அட்டவணை. ஷேடர் கோர் எத்தனை, டெராஃப்ளாப் (வினாடிக்கு எத்தனை லட்சம் கோடி தசமக் கணக்கு என்பது) எத்தனை என்று இரண்டு தலைமுறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வீண் வேலை. ஆர்டிஎக்ஸ் 2080 டிஐயில் 4352 கோர், சுமார் 13 டெராஃப்ளாப். ஆர்டிஎக்ஸ் 3070இல் 5888 கோர், சுமார் 20 டெராஃப்ளாப். காகிதத்தில் பாதிக்கு மேல் அதிகம், ஆனால் கேமில் இரண்டும் ஏறக்குறைய சமம். காரணம் என்னவென்றால், 3000 வரிசையில் கோர்களில் ஒரு பாதி தசமக் கணக்கு, முழு எண் கணக்கு இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. கேம்களில் முழு எண் கணக்கும் நிறைய வரும், அந்த நேரத்தில் அந்தக் கோர்கள் தசமக் கணக்குக்குக் கிடைக்காது. ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட மட்டும் டெராஃப்ளாப் உதவும்.

மெமரி பேண்ட்வித் (மெமரி வழியாக வினாடிக்கு எவ்வளவு தரவு போகும் என்பது) இன்னும் சுவாரசியம். ஆர்டிஎக்ஸ் 3060 டிஐயில் வினாடிக்கு 448 ஜிபி, அதற்குப் பின் வந்த 4060 டிஐயில் 288தான். குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம், உள்ளே எல்2 கேஷை (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரி) 4 எம்பியிலிருந்து 32 எம்பிக்கு ஏற்றிவிட்டார்கள். 1080பி ரெசல்யூஷனில் (ரெசல்யூஷன் என்றால் திரையில் எத்தனை புள்ளிகள் என்பது) அந்தக் கேஷ் போதும், புதுசு முந்தும். புள்ளிகள் இன்னும் அதிகமான 4கே போனால் கேஷ் தாங்காது, இடைவெளி சுருங்கி, சில கேம்களில் பழையதே முந்திவிடும். ஆக, எந்த ரெசல்யூஷனில் என்று சொல்லாமல் யாராவது இத்தனை சதவீதம் வேகம் என்றால் அதைக் காதில் வாங்காதீர்கள்.

சரி, இப்போது நாமே அளப்போம். இரண்டு கார்டும் கையில் இருந்தால் ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கழற்றும் முன் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்துப் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிடுங்கள், குறிப்பாக ஒன்று என்விடியா, மற்றது ஏஎம்டி என்றால். வி-சிங்க் (மானிட்டரின் வேகத்தோடு பிரேம்களைக் கட்டிப்போடுவது) ஆஃப், பிரேம் வரம்பு (வினாடிக்கு இத்தனை படம்தான் என்ற கட்டு) ஆஃப். இதைச் சொல்லக் காரணம் உண்டு: ஒருமுறை புதுக் கார்டு போட்டுவிட்டு, பழையதிலும் வினாடிக்கு 60 பிரேம், இதிலும் 60, பணம் தண்டம் என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினேன். வி-சிங்க் ஆனில் இருந்தது, மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், அப்புறம் எப்படி அதற்கு மேல் வரும்?

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குபவை), பிரேம் ஜெனரேஷன் (இடையில் செயற்கை பிரேம்களைச் செருகுவது) எல்லாவற்றையும் முதல் சுற்றில் அணைத்து வையுங்கள். 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5070ஐ அறிமுகப்படுத்தியபோது அது 4090க்குச் சமம் என்று என்விடியா மேடையில் சொன்னதே, அது இரண்டு பிரேம்களுக்கு இடையில் மூன்று பிரேம்களைச் செயற்கையாகச் செருகிய கணக்கு. படம் வழவழப்பாகத் தெரியும், உண்மைதான், ஆனால் மவுஸை அசைத்ததும் கேம் பதில் சொல்கிற வேகம் அந்த அளவுக்குக் கூடாது. அந்த வசதி வேண்டுமென்றால் தனியாக அளந்து தனியாக எழுதி வையுங்கள், கலக்காதீர்கள்.

கேமில் எப்போதும் ஒரே இடம், ஒரே பாதை, ஒரு நிமிஷம் ஓட்டம். கார்டு சூடாகும் வரை பத்து நிமிஷம் விளையாடிவிட்டு அளக்கத் தொடங்குங்கள், மூன்று முறை ஓட்டுங்கள். பதிவு செய்ய கேப்ஃபிரேம்எக்ஸ் அல்லது பிரசன்ட்மான் மென்பொருள் போதும். சராசரி எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை பிரேம் என்பது) மட்டும் பார்த்தால் பத்தாது, 1 சதவீத லோவையும் (மிக மெதுவான 1 சதவீத பிரேம்களின் வேகம்) பாருங்கள். மெமரி நிரம்பிய கார்டு சராசரியில் நல்ல பிள்ளையாக இருக்கும், லோவில்தான் குட்டு வெளிப்படும். சில கேம்கள் இன்னும் தந்திரம், மெமரி போதவில்லை என்றால் சத்தமில்லாமல் மங்கலான டெக்ஸ்சரை (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படம்) போட்டுவிடும், எண் எல்லாம் அழகாக வரும், சுவர் மட்டும் களிமண் மாதிரி இருக்கும். அதனால் எண்ணோடு சேர்த்துத் திரையையும் பாருங்கள்.

ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு 95 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். 60, 70 என்று நின்றால் நீங்கள் அளப்பது சிபியுவை, கார்டை அல்ல. ரெசல்யூஷனை ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

புதுசு ஒன்றுதான் கையில், பழையதுக்கு இணையத்து எண் என்றால், 3டிமார்க் டைம் ஸ்பை என்ற வேகச் சோதனையில் கிராபிக்ஸ் ஸ்கோரை மட்டும் எடுங்கள், மொத்த ஸ்கோரில் சிபியுவும் கலந்திருக்கும். சதவீதம் போடும்போது எது அடிப்படை என்பதை மறக்காதீர்கள்: 60 எஃப்பிஎஸ் 90 ஆனால் 50 சதவீதம் அதிகம், அதையே திருப்பிச் சொன்னால் 33 சதவீதம் குறைவு.

எண்ணே தேவைப்படாத இடமும் ஒன்று உண்டு. 2024இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம், 1080 டிஐ எவ்வளவு வேகமாக இருந்தாலும் அங்கே வேலைக்கு ஆகாது. எதிர்ப்பக்கமும் இருக்கிறது: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி புதுசுதான், ஆனால் பிசிஐஇ லேன் (கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறும் பாதை) நாலே நாலு, பிசிஐஇ 3.0 உள்ள பழைய மதர்போர்டில் செருகினால் பல கேம்களில் கண்ணுக்குத் தெரிகிற அளவு வேகம் குறையும். மதர்போர்டு பழசு என்றால் வாங்கும் முன் லேன் எண்ணிக்கையைப் பாருங்கள்.