சென்னைக் காற்றில் காம்பவுண்ட் வில்: எங்கே மெழுகு, எங்கே எண்ணெய், எங்கே வெறும் துணி

ஆயுத பூஜைக்கு வில்லைத் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கிறோம் இல்லையா, பொட்டு வைக்கும் இடத்தை மட்டும் கொஞ்சம் பார்த்து வையுங்கள். ரைசரில் (கைப்பிடி இருக்கும் நடு உலோகப் பகுதி) வைத்தால் மறுநாள் ஈரத் துணியால் எடுத்துவிடலாம். நாணிலும் கேமிலும் (வில்லின் நுனியில் சுழலும் சக்கரம்) வைத்தால் சந்தனம் காய்ந்து தூளாகி, இழைகளுக்குள்ளும் கேமின் பள்ளத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் ஒவ்வொரு இழுப்பிலும் உப்புத்தாள் போல நாணைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மற்றபடி வருடத்துக்கு ஒரு முறை வில்லை முழுசாகப் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது, ஏனென்றால் அதை ஒட்டித்தான் வடகிழக்குப் பருவமழை வரும், டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறையாது.

நான் இத்தனை நாள் பார்த்த வரையில், நம் ஊரில் எண்ணெய் போதாமல் கெட்ட வில் குறைவு. ஈரமும் கடல் உப்பும் கெடுப்பது ஒரு பக்கம், இடம் தெரியாமல் ஊற்றிய எண்ணெய் கெடுப்பது அதைவிட அதிகம்.

சாதாரண வில்லில் எண்ணெய் போட இடமே கிடையாது. அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-இல் பெற்ற காம்பவுண்ட் வில்லில்தான் நுனிகளில் சக்கரங்கள் வந்தன. 60 பவுண்டு வில்லை முழுசாக இழுத்து நிறுத்தும்போது கையில் 15 பவுண்டு அளவே தங்குவதற்கு அந்தச் சக்கரங்களே காரணம். அந்த 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ இழுப்பின் சுமை இரண்டு மெல்லிய அச்சுகளின் மேல் ஒவ்வொரு அம்புக்கும் ஏறி இறங்குகிறது. சுழலும் பாகம் வந்துவிட்டால் பராமரிப்பும் கூடவே வந்துவிடும்.

முதல் வேலை துடைப்பது. மைதானத்திலிருந்து வந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ரைசர், லிம்ப் (மேலும் கீழும் வளையும் கைகள்), கேம், திருகுத் தலைகள் எல்லாவற்றையும் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். கைப்பிடியில் வியர்வை கண்டிப்பாக இருக்கும், வியர்வையும் உப்புதான். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் வாரம் ஒரு முறை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். அலுமினிய ரைசருக்கு ஒன்றும் ஆகாது, அச்சின் முனையில் இருக்கும் சின்னக் கிளிப்பும் எஃகுத் திருகுகளும்தான் முதலில் துருப்பிடிக்கும். தின்னர், பெட்ரோல் இரண்டையும் லிம்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், மேல்பூச்சைத் தின்றுவிடும்.

அடுத்தது நாண். நாணுக்கும் கேபிளுக்கும் (நாணோடு சேர்ந்து கேம்களில் ஓடும் துணைக் கயிறு) மெழுகு மட்டும்தான். வில்லுக்கென்றே விற்கும் குச்சி மெழுகு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று வாங்கினால் ரொம்ப நாள் வரும். அவசரத்துக்குச் சுத்தமான தேன்மெழுகு பரவாயில்லை. மெழுகுவர்த்தி மெழுகு வேண்டாம், காய்ந்து உதிரும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து மைதானத்துப் புழுதியை எல்லாம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும்.

எப்போது போடுவது என்பதை நாணே சொல்லும். வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், இழைகள் பூனை முடி மாதிரி மெல்லிசாக எழும்பி நின்றால், நிறம் மங்கித் தெரிந்தால், விரலுக்கு வறட்டென்று இருந்தால் நேரம் வந்துவிட்டது. வாரம் மூன்று நான்கு நாள் எய்பவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சரியாக இருக்கும். முதலில் பழைய மெழுகை எடுக்க வேண்டும்: ஒரு பல் இடுக்கு நூலை நாணைச் சுற்றி ஒரு வளையமாகப் போட்டு மெதுவாகக் கீழே இழுத்து வாருங்கள், கறுப்பாக ஒரு அழுக்கு உருண்டு வரும், பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் புது மெழுகை மேலும் கீழுமாகத் தடவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாணைப் பிடித்து, விரல் சுடுகிற அளவுக்கு வேகமாகத் தேய்க்க வேண்டும். அந்தச் சூட்டில் மெழுகு இளகி இழைகளுக்கு நடுவில் இறங்கும். இதற்காக லைட்டரையோ ஹேர் டிரையரையோ எடுக்காதீர்கள். இப்போதைய நாண்களில் இருக்கும் பாலிஎத்திலீன் இழை 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும், அதற்கு முன்பே வலுவை இழந்துவிடும். கடைசியில் மேலே மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

நூல் சுற்றிய சர்விங் பகுதிகளில் மட்டும் மெழுகு தடவாதீர்கள். நடுவில் அம்பின் நாக் (நாணைக் கவ்வும் பின்முனை) மாட்டும் இடத்தில் மெழுகு சேர்ந்தால் நாக் ஒரே மாதிரி விடுபடாது, கேம் பள்ளத்தில் ஓடும் சர்விங்கில் சேர்ந்தால் பள்ளம் முழுக்கச் சேறு.

இப்போது எண்ணெய். நான் வில் வாங்கிய இரண்டாம் வருடம், கார்த்திகை மாதம், இழுக்கும்போது கிரீச்சென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கிற துரு நீக்கும் ஸ்ப்ரே இருந்தது, மேல் கேம் முழுக்க அடித்தேன். சத்தம் போகவில்லை. நான்கு நாளில் கேமுக்குப் பக்கத்தில் சர்விங் தளர்ந்து நகர்ந்துவிட்டது. மாஸ்டர் வந்து கேம் ஓரத்தில் விரலை வைத்து இழுத்தார், விரல் நுனியில் கறுப்புப் பசை. "தம்பி, சத்தம் எங்கேருந்து வருதுன்னு முதல்ல கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. அம்பை மாட்டி, இலக்கைப் பார்த்து மெதுவாக இழுக்கச் சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்று காது கொடுத்தார். சத்தம் கேபிள் தண்டிலிருந்து (கேபிள்களை அம்பின் பாதையிலிருந்து ஒதுக்கிப் பிடிக்கும் தண்டு) வந்தது. ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டைத் துடைத்ததும் நின்றுவிட்டது. கேமில் ஒரு கோளாறும் இல்லை, நாண்தான் மாற்ற வேண்டியதாகிவிட்டது. அந்த மாதிரி ஸ்ப்ரேயில் பெரும்பகுதி கரைப்பான், மெழுகைக் கரைத்துவிட்டு அது ஆவியாகிவிடும்.

ஆகவே சத்தம் வந்தால் முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கேபிள் தண்டு என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு (ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு சுத்தம் செய்ய விற்கிறார்கள், அதே சரக்குதான்), டெஃப்லான் கலந்த உலர் வகை லூப்ரிகன்ட்டைத் துணியில் எடுத்து மெல்லிசாகத் தடவுங்கள், நேரடியாக வில்லின் மேல் அடிக்க வேண்டாம். கேமின் அச்சு என்றால் உங்கள் வில்லில் புஷ்ஷா (அச்சு உரசிச் சுழலும் வெறும் வளையம்), மூடிய பேரிங்கா என்று கையேட்டில் பாருங்கள். மூடிய பேரிங்குக்கு எண்ணெய் தேவையே இல்லை. புஷ் வகைக்கு, கேமும் லிம்பும் சந்திக்கும் வாஷர் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு, குண்டூசி நுனியில் எடுத்து வைத்தால் போதும். உலர் வகை கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் ஆகும், ஆனால் மிஞ்சியதைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், நாணில் ஒரு துளி கூடப் படக்கூடாது. லிம்ப் ரைசரில் உட்காரும் பொந்திலிருந்து முனகல் மாதிரி வந்தால் அதற்கு லிம்பைக் கழற்றித்தான் கிரீஸ் வைக்க வேண்டும், அது பிரஸ் (லிம்ப்களை அழுத்திப் பிடிக்கும் கருவி) வைத்திருப்பவர் வேலை. பிரஸ் இல்லாமல் நாணையோ கேபிளையோ கழற்ற முயலாதீர்கள், லிம்ப் தெறித்தால் முகத்தில்தான் அடிக்கும்.

திருகுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க வில்களின் திருகுகள் அங்குல அளவில் இருக்கும், நம்மிடம் இருப்பது மில்லிமீட்டர் ஆலன் கீ. 3/16 அங்குலம் என்பது 4.76 மில்லிமீட்டர், 5 உள்ளே போகாது, 4.5 போட்டால் சுற்றிக்கொண்டே தலையை உருட்டிவிடும். பாரிமுனை டூல்ஸ் கடைகளில் அங்குல செட் என்று கேட்டு வாங்கிவிடுங்கள். சைட் (குறி பார்க்கும் கருவி), ரெஸ்ட் (அம்பு தாங்கி), ஸ்டெபிலைசர் (வில்லை ஆடாமல் வைக்கும் தண்டு) திருகுகள் அதிர்வில் தளரும், வாரம் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். லிம்ப் போல்ட்டைத் திருப்புவதாக இருந்தால் மேலும் கீழும் ஒரே அளவு, கையேடு சொல்லும் சுற்றுக்கு மேல் தளர்த்தவே கூடாது.

லிம்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கப் பஞ்சு போதும். விளிம்பு வழியாகப் பஞ்சை இழுத்து வந்தால் பிளவு இருக்கும் இடத்தில் மாட்டும். வெறும் விரலால் தடவாதீர்கள், ஃபைபர் சிலாம்பு ஏறினால் எடுப்பது கஷ்டம். கேமின் விளிம்புகளுக்கும் இதே சோதனைதான். மாட்டினால் அன்றைக்கு எய்வது இல்லை.

அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய காருக்குள் வில்லை விட்டுப் போகாதீர்கள், பத்து நிமிடம் டீ குடிக்கக்கூட. நாண் நீண்டு கேம்களின் டைமிங் (இரண்டும் ஒன்றுபோலச் சுழலும் ஒழுங்கு) நகர்ந்துவிடும், நாணின் மெழுகும் இளகி வழியும். ஏசி அறையில் வைப்பவர்கள் மைதானத்தில் பெட்டியைத் திறக்குமுன் கால் மணி நேரம் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் மூக்குக்கண்ணாடி வேர்ப்பது போலவே வில்லும் வேர்க்கும். மழையில் நனைந்த வில்லை மட்டும் பெட்டிக்குள் போட்டு மூடவே மூடாதீர்கள். பெட்டியின் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டே நாளில் துரு. வீட்டில் மின்விசிறிக்கடியில் வில்லையும் பெட்டியையும் தனித்தனியாகத் திறந்து காயவைத்து, அப்புறம் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள், ஜெல்லின் நிறம் மாறினால் புதுசு போடுங்கள்.

வில் நன்றாக இருக்கும் நாளிலேயே இரண்டு அளவுகளை எடுத்து எழுதி வைத்துவிடுங்கள்: அச்சுக்கு அச்சு தூரம், கைப்பிடியின் உள்பள்ளத்திலிருந்து நாண் வரை தூரம். கேம் லிம்பைக் கடக்கும் இடத்தில், கேமின் மேல் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடும் போடுங்கள். மாதம் ஒரு முறை டேப் வைத்துப் பாருங்கள், 2-3 மில்லிமீட்டர் மாறியிருந்தாலே நாண் நீண்டிருக்கிறது என்று அர்த்தம், அம்பு ஏன் மேலும் கீழும் போகிறது என்று சைட்டைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் வெறும் நாணை இழுத்துப் பார்க்கும் ஆசை வரும். கூடாது. அம்பில்லாமல் விட்டால் அத்தனை விசையும் வில்லுக்குள்ளேயே திரும்பி லிம்பும் கேமும் உடையும். அம்பின் நாக் விரிசல் விட்டிருந்தாலும் அதே கதிதான், அதனால் அம்புகளையும் ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பாருங்கள், கார்பன் அம்பை லேசாக வளைத்துக் கேளுங்கள், நொறுங்கும் சத்தம் வந்தால் அதை உடைத்துப் போட்டுவிடுங்கள். அப்புறம் ஐந்து மீட்டரில் நின்று மூன்று அம்பு, பீப் (நாணில் கண் வைத்துப் பார்க்கும் சின்ன வளையம்) நேராகத் திரும்புகிறதா, டி-லூப் (நாணை இழுக்கக் கட்டிய சின்னக் கயிற்று வளையம்) நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு 50 மீட்டருக்குப் போங்கள்.