சுமை ஏறியதும் அணைந்துபோகும் பக் கன்வர்ட்டர்: காரணத்தைக் கண்டறியும் முறை

நாமே வடிவமைத்த சர்க்யூட் போர்டில் 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் பக் கன்வர்ட்டர், குறைந்த சுமையில் ஒழுங்காக இயங்கிவிட்டு, சுமை ஏறும் கணத்தில் அணைந்துபோனால் உடனே ஐசியை மாற்றிவிட வேண்டாம். பெரும்பாலும் ஐசி பழுதாகியிருக்காது. அதற்குள் இருக்கும் பாதுகாப்புகளுள் ஒன்று செயல்பட்டிருக்கும். அது எந்தப் பாதுகாப்பு என்பதைத்தான் நாம் கண்டறிய வேண்டும்.

படி 1: அணையும் விதத்தைக் கவனியுங்கள். சில மில்லிவினாடிகளுக்கு ஒருமுறை அணைந்து மீண்டால் மிகை மின்னோட்டப் பாதுகாப்பையும், சிறிது நேரம் ஓடிச் சூடேறிய பிறகு நின்று, ஆறியதும் மீண்டால் வெப்பப் பாதுகாப்பையும் சந்தேகிக்கலாம். சுமை ஏறிய அதே கணத்தில் அணைந்தால் உள்ளீட்டு மின்னழுத்தத்தை முதலில் பாருங்கள்.

படி 2: உள்ளீட்டை ஐசியின் காலிலேயே அளவிடுங்கள். பலரைத் தடுக்கி விழவைக்கும் இடம் இதுதான். மல்டிமீட்டர் சராசரியைக் காட்டுவதால், மில்லிவினாடிச் சரிவு அதில் தெரியாது. கன்வர்ட்டர் நின்றவுடன் சுமை நீங்கி உள்ளீடு மீண்டும் 5 வோல்ட்டுக்கு ஏறிவிடுவதால், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஆசிலோஸ்கோப்பின் ஒரு சேனலை உள்ளீட்டுக் காலிலும் மற்றொன்றை வெளியீட்டிலும் வைத்து, உள்ளீடு சரியும்போது ஒரே ஒருமுறை பதிவாகுமாறு டிரிகரை (பதிவு எப்போது தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையை) அமையுங்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். கம்பியும் கனெக்டரும் சேர்ந்து 0.25 ஓம், உள்ளீட்டு மின்னோட்டம் 1.5 ஆம்பியர் எனில், 0.375 வோல்ட் வழியிலேயே போய்விடும். தலைகீழ் இணைப்பைத் தடுக்க வைத்த ஷாட்கி டையோடு 0.4 வோல்ட் எடுத்துக்கொண்டால், ஐசிக்கு எஞ்சுவது ஏறத்தாழ 4.2 வோல்ட்தான். குறைமின்னழுத்த எல்லை, அதாவது உள்ளீடு அதற்குக் கீழே போனால் ஐசி தானே அணைந்துவிடும் அளவு, 4.3 வோல்ட்டாக இருந்தால் அது அணையத்தான் செய்யும். மேலும், உள்ளீடு சரியச்சரிய, அதே திறனைத் தருவதற்காகக் கன்வர்ட்டர் கூடுதல் மின்னோட்டத்தை இழுப்பதால் சரிவு இன்னும் ஆழமாகிறது.

தடித்த, குட்டையான கம்பியே முதல் தீர்வு. டையோடுக்குப் பதிலாகப் பி-சேனல் மாஸ்ஃபெட் வைப்பதையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன். குறுகிய சரிவுகளைத் தாங்க உள்ளீட்டருகே பெரிய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் ஒன்றைச் சேருங்கள். செராமிக்கை மட்டும் நம்பாதீர்கள். 6.3 வோல்ட் தரம் கொண்ட சிறிய 10 மைக்ரோஃபாரட் செராமிக், 5 வோல்ட்டில் தன் கொள்ளளவில் பாதிக்கும் மேல் இழந்துவிடக்கூடும்.

படி 3: உள்ளீடு அசையாமல் இருந்து வெளியீடு மட்டும் விழுந்தால், இண்டக்டரை (கன்வர்ட்டரின் சுருளை) பாருங்கள். அதன் செறிவு மின்னோட்டம், அதாவது அதைத் தாண்டினால் சுருளின் தூண்டல் திறன் சரியத் தொடங்கும் அளவு, சுமை மின்னோட்டத்துடன் சுருளின் மின்னோட்ட ஏற்ற இறக்கத்தின் பாதியைக் கூட்டினால் வரும் உச்சத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். செறிவடைந்தால், நேர்கோடாக ஏற வேண்டிய மின்னோட்ட அலை நுனியில் செங்குத்தாக வளையும்.

படி 4: வெப்பம் எனில், ஐசியின் அடிப்பகுதித் தகடு போர்டில் முழுமையாகப் பற்றவைக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

சோதிக்க இரு சேனல் ஆசிலோஸ்கோப் அவசியம். 50 மெகாஹெர்ட்ஸ் போதும். சுமைக்கு மின்தடைகளைவிட, திடீரென ஏற்றி இறக்கக்கூடிய எலக்ட்ரானிக் லோடு மேல்.

பின்சேர்க்கை: வாசகர்கள் சிலர் கம்பியை மாற்றியும் சரிவு தொடர்வதாக எழுதியிருந்தார்கள். அத்தகைய நிலையில், மேசை பவர் சப்ளையின் மின்னோட்ட வரம்பு குறைவாக வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். வரம்பை எட்டியதும் அதுவே மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும். ஐசியை இயக்கவோ நிறுத்தவோ செய்யும் எனேபிள் கால் எதனோடும் இணைக்கப்படாமல் இருந்தாலும் காரணமின்றி அணையலாம்; ஐசியின் தரவுத்தாள் சொல்லும் மின்தடையால் அதை உள்ளீட்டோடு இணையுங்கள்.