கொல்லையில் நடுகல் நின்றால் என்ன செய்வது?

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லைகளில், இறந்த வீரனின் நினைவாக அவன் உருவம் செதுக்கி நட்ட பலகைக் கற்கள் நிற்கும். இவைதான் நடுகற்கள். பல ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். என் மாமா கொல்லையிலும் ஒன்று உண்டு. உழ வந்த டிராக்டர்காரர், "பிடுங்கி வரப்பில் போட்டுவிடலாமா?" என்று கேட்ட அன்று எனக்கு இந்த வேலை தொடங்கியது.

முதல் படி: கல்லை விட்டுவிட்டு நிலத்துக்காரரோடு உட்காருங்கள். "விஷயம் வெளியே தெரிந்தால் நிலம் போய்விடுமா?" என்பதுதான் அவர் கேள்வி. கட்டடம் கட்டக் கூடாத 100 மீட்டர் எல்லை, மத்திய அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தவற்றுக்குத்தான். அறிவிக்கும் முன்பும் 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டப்படி இரண்டு மாத அவகாசம் உண்டு, ஆட்சேபம் சொல்லலாம். ஒன்றுமே ஆகாது என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். மாமாவை அசைத்தது சட்டமல்ல, எங்கள் மாவட்டத்து எடுத்தனூர் என்ற ஊரின் நடுகல். அதில் வீரனோடு நிற்கும் நாய்க்குக் கோவிவன் என்று பெயரே வெட்டியிருக்கிறார்கள். வாசலில் படுத்திருந்த தன் நாயை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இரண்டாம் படி: படம். நான் சறுக்கிய இடம் இதுதான். மூன்று முறை உச்சிவெயிலில் போய், எழுத்தே இல்லை என்று திரும்பினேன். நேர் வெளிச்சத்தில் வெட்டுப் பள்ளங்களில் நிழல் விழாது. காலை ஏழு மணிக்குள் போங்கள், அல்லது பொழுது சாயும்போது. கல் நிழலில் நின்றால், முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெயிலைக் கல்லின்மேல் சாய்வாக வழியவிடுங்கள். டார்ச் விளக்கைவிட எனக்குக் கண்ணாடிதான் உசத்தி. அப்படிப் பிடித்தபோது வீரனின் தலைக்கு மேலே வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதிய பழைய எழுத்து, மெல்ல எழும்பியது. முதலில் பிடிபட்ட சொல் 'தொறு', அதாவது மாட்டு மந்தை. அருகில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். எழுத்தின்மேல் சாக்பீஸ் தேய்க்க வேண்டாம்.

சுத்தம் செய்ய மெல்லிய தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும். கம்பி பிரஷ், ஆசிட், பெயிண்ட் கூடவே கூடாது.

அடுத்து, கல்லைச் சுற்றி இரண்டு மீட்டராவது உழாமல் விடச் சொல்லுங்கள். சாய்ந்திருந்தாலும் நிமிர்த்த வேண்டாம். அடியில் சிமெண்ட் போடாதீர்கள். நான் போட்டேன், வீரனின் காலடியில் இருந்த மாடுகள் பாதி புதைந்துவிட்டன. கடைசியாக, படங்களோடு மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம். நகலுக்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: அடியில் புதையல் இருக்குமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நடுகல் வீரனின் நினைவுக்காக நட்டது. தோண்டினால் கல்தான் விழும். மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் எதுவும் தற்செயலாகக் கிடைத்து, அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அச்சுப்பிழை அல்ல.