திறன்பேசியின் திறனைச் சோதித்து அறிவது எப்படி?

திறன்பேசி வாங்க விரும்புபவரின் கண்ணில் முதலில் படுவது வசதிகளின் பட்டியல்தான். கேமரா, பாட்டு, வரைபடம், நாட்காட்டி, குறிப்பேடு, விளக்கு என்று நீளும் அந்தப் பட்டியலைக் கொண்டு ஒரு கருவியின் திறனை அளக்க முடியாது. இவை அத்தனையையும் தனித்தனியாக வாங்கி ஒரு பைக்குள் போட்டுக்கொண்டால், அந்தப் பைக்கும் அதே பட்டியல் பொருந்திவிடும். திறன்பேசிக்குள் அடங்கியிருக்கும் கேமரா, வரைபடம் போன்ற கருவிகளில் ஒன்று அறிந்ததை இன்னொன்று, நாம் நடுவில் நின்று எழுதிக்கொடுக்காமலேயே எடுத்துக்கொள்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கீழே வரும் சோதனைகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தவை. புதிதாக வாங்குபவரும், ஏற்கெனவே கையில் இருப்பதை எடைபோட நினைப்பவரும் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

1994-இல் விற்பனைக்கு வந்த, ஐ.பி.எம். நிறுவனத்தின் சைமன் என்ற கைப்பேசி, தொடுதிரை, மின்னஞ்சல், ஃபேக்ஸ், நாட்காட்டி, முகவரிப் புத்தகம் ஆகியவற்றைத் தொலைபேசியோடு சேர்த்து வைத்திருந்தது. ஆனால் அதில் தொடர்ந்து பேசினால் பேட்டரி ஏறத்தாழ ஒரு மணி நேரமே தாங்கும். 2007-இல் வந்த முதல் ஐபோன், தொலைபேசியும் இசைக்கருவியும் இணையக் கருவியும் ஒன்றாகிவிட்டன என்ற அறிவிப்போடு அறிமுகமானது. அத்தகைய கருவியில் ஒரு வரியை ஓரிடத்தில் நகலெடுத்து மற்றோரிடத்தில் ஒட்டும் வசதி 2009-இல்தான் வந்தது என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. மூன்று கருவிகள் ஒரே உறைக்குள் குடியேறி இரண்டு ஆண்டுகள் கழித்தே அவற்றுக்கிடையே ஒரு வரி பயணம் செய்ய முடிந்தது.

ஆகவே முதல் சோதனைக்கு அச்சிட்ட அழைப்பிதழ் ஒன்று போதும். அதைக் கேமராவில் படமெடுத்து, படத்தில் உள்ள எழுத்துகளைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். அதில் உள்ள தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்புத் திரை திறக்க வேண்டும்; முகவரியைத் தொட்டால் வரைபடம் திறந்து வழி காட்ட வேண்டும்; நாளும் நேரமும் நாட்காட்டியில் நிகழ்ச்சியாகப் பதிந்து, கிளம்ப வேண்டிய வேளையில் நினைவூட்டல் வர வேண்டும். இந்தச் சங்கிலியில் எத்தனை முறை நீங்கள் கையால் தட்டச்சு செய்ய நேர்ந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை எவ்வளவு குறைகிறதோ, கருவிகள் அந்த அளவுக்கு ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று பொருள். அழைப்பிதழை ஆங்கிலத்திலும் தமிழிலுமாக இரண்டு வைத்துச் சோதிப்பது நல்லது. ஆங்கிலத்தைத் தடையின்றிப் படிக்கும் கருவி தமிழில் தடுமாறக்கூடும்.

அடுத்தது, ஒரே நேரத்தில் பல கருவிகள் வேலை செய்யும்போது யார் யாருக்கு வழிவிடுகிறார்கள் என்பது. பாட்டை ஒலிக்கவிட்டு, வரைபடத்தில் வழிகாட்டலையும் தொடங்குங்கள். திரும்ப வேண்டிய இடத்தை அறிவிக்கும் குரல் வரும்போது பாட்டின் ஒலி தானே தணிய வேண்டும். அழைப்பு வந்தால் பாட்டு நிற்க வேண்டும். அழைப்பு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். பிறகு ஒரு படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு, கேமராவைத் திறந்து சில படங்கள் எடுத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். நிரப்பியவை அழிந்து படிவம் வெறுமையாக நின்றால், ஒன்று செயலிகள் இயங்கும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகமான ரேம் போதவில்லை, அல்லது பின்னணியில் உள்ள செயலிகளை இயங்குதளம் அவசரமாக மூடிவிடுகிறது. பேட்டரியைச் சேமிப்பதற்காகச் செய்யப்படும் இந்த அவசரத்தால் செய்திகள் தாமதமாக வருவதும் உண்டு. ஆண்ட்ராய்டு கருவியானால், அமைப்புகளில் அந்தந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குச் சென்று, செய்தி, அலாரம் போன்ற இன்றியமையாத செயலிகளுக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம். எல்லாவற்றுக்கும் நீக்கினால் மாலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

சுற்றுப்புறத்தையும் அசைவையும் உணரும் சென்சார்களைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. ஒருங்கிணைப்பின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பேசும்போது கருவியைக் காதருகே கொண்டுபோனதும் திரை அணைகிறதே, அங்கே அருகாமைச் சென்சாரும் திரையும் தொலைபேசியும் ஓசையின்றி ஒத்துழைக்கின்றன. ஓர் அழைப்பின்போது மேற்பகுதியில் கையை வைத்து எடுத்து, திரை உடனே அணைந்து உடனே திரும்புகிறதா என்று பார்த்துவிடுங்கள். அடுத்து, திறந்த வெளியில் வரைபடத்தைத் திறந்து, நின்ற இடத்திலேயே உடலை மட்டும் திருப்புங்கள். உங்கள் இருப்பிடப் புள்ளியிலிருந்து விரியும் திசைக்குறியும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் காந்தத் திசைகாட்டி இல்லை, அல்லது அளவு பிசகியிருக்கிறது. கருவியைக் காற்றில் 8 வடிவில் சிலமுறை சுழற்றினால் பிசகு பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லாத திசைகாட்டிக்கு மருந்து கிடையாது.

இருப்பிடம் அறிவது இதைவிடச் சுவையான கதை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை வினாடிக்கு 50 பிட் என்ற வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதையை மட்டும் பெறுவதற்கே அரை நிமிடம் ஆகும். செயற்கைக்கோள்கள் அனைத்தின் தோராயமான அட்டவணை முழுவதும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். நம் கருவி சில வினாடிகளிலேயே இடத்தைச் சொல்லிவிடுவதற்குக் காரணம், அந்த விவரங்களை அது கைப்பேசி வலையமைப்பின் வழியாக முன்கூட்டியே வாங்கிக்கொள்வதுதான். தொலைபேசி என்ற கருவி வழிகாட்டி என்ற கருவிக்குச் செய்யும் உதவி இது. உதவி கிடைக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஒரு பகுதியின் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, இணையத் தொடர்பை அணைத்துவிட்டு, வெட்டவெளியில் நில்லுங்கள். சற்றுக் கூடுதல் நேரம் எடுத்தாலும் கருவி இடத்தைக் கண்டுபிடித்து வழியும் காட்டினால், அதன் வழிகாட்டித் திறன் சொந்தக் காலில் நிற்கிறது.

கேமராவைப் பொறுத்தவரை மெகாபிக்சல் எண்ணிக்கையை ஒதுக்கிவைத்துவிடலாம். திரை பூட்டியிருக்கும் நிலையிலிருந்து முதல் படம் எடுக்க எத்தனை வினாடி ஆகிறது, ஜன்னலுக்கு எதிரே நிற்பவரின் முகமும் வெளியே உள்ள வானமும் ஒரே படத்தில் தெளிவாக விழுகின்றனவா என்ற இரண்டையும் பார்த்தால் போதும். இரண்டாவதைச் செய்வதற்குக் கருவி பல படங்களை எடுத்து நொடியில் ஒன்றாக இணைக்கிறது. அது லென்ஸின் வேலையைவிட ப்ராசஸரின் வேலை.

கணினிக்குப் பதிலாகவும் இதே கருவியைப் பயன்படுத்த எண்ணினால், சார்ஜ் போடும் துளையைக் கவனியுங்கள். யு.எஸ்.பி-சி என்பது துளையின் வடிவத்துக்குப் பெயர், திறனுக்கு அல்ல. ஒரே வடிவத்துக்குள் வினாடிக்கு 480 மெகாபிட் மட்டுமே அனுப்பும் பழைய யு.எஸ்.பி 2.0-உம் இருக்கலாம், 5 கிகாபிட்டும் அதற்கு மேலும் அனுப்பும் புதியதும் இருக்கலாம். வெளித்திரைக்குப் படம் அனுப்பும் வசதி சில கருவிகளில் மட்டுமே உண்டு. சாம்சங் 2017-இல் டெக்ஸ் என்ற பெயரில் இதைக் கணினித் திரை போன்ற தோற்றத்தோடு தரத் தொடங்கியது. வாங்குமுன் ஒரு பென்டிரைவையும் ஒரு வெளித்திரையையும் இணைத்துப் பார்க்க முடிந்தால் பிறகு ஏமாற்றம் இராது. இத்தனையும் இருந்தாலும், நீண்ட கட்டுரை எழுதவும் மணிக்கணக்கில் நூல் வாசிக்கவும் தனிக்கருவிகளே எனக்கு உகந்தவையாக இருக்கின்றன. வெகு தொலைவில் அமர்ந்திருக்கும் பறவையைப் படமெடுக்கப் பெரிய லென்ஸ் தேவை. எல்லாவற்றையும் ஒன்றுக்குள் திணித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்பதையும் கேட்டறிய வேண்டும். கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தன. புதுப்பிப்பு நின்றுபோன கருவியில் வங்கிக் கணக்கையும் அடையாள ஆவணங்களையும் வைத்திருப்பது கதவைத் தாழிடாமல் உறங்குவதற்கு ஒப்பாகும்.

எல்லாம் ஒரே கருவிக்குள் வந்துவிட்டபின், அது தொலைந்தால் எல்லாமும் ஒரே நேரத்தில் தொலையும். ஆகவே படங்களும் தொடர்பு எண்களும் தானாகவே வேறோர் இடத்தில் பேக்கப் ஆகுமாறு அமைத்து, ஏதேனும் ஒரு படத்தை அங்கிருந்து மீட்டுப் பார்த்தும் உறுதி செய்துகொள்ளுங்கள். கருவி கையில் இல்லாதபோதும் கணக்கில் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை, முக்கியக் கணக்குகளுக்கு வாங்கிக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலர் மறந்துவிடுவது சிம் கார்டைத்தான்: திரை பூட்டியிருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு கருவியில் போட்டால் ஒருமுறைக் கடவுச்சொற்கள் (ஓ.டி.பி.) அங்கே போய்ச் சேரும். அமைப்புகளில் சிம்முக்கும் ஒரு பின் எண்ணை வைத்துவிட்டால் இந்த வழி அடைபடும். ஆனால் சிம்மில் ஏற்கெனவே ஒரு பின் எண் இருக்கும். அதை அறியாமல் ஊகித்து மூன்று முறை தவறாக இட்டால் சிம் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் பி.யு.கே. எண்ணைக் கேட்கும். அந்த இரண்டு எண்களையும் சேவை நிறுவனத்திடம் முன்பே கேட்டு வாங்கி, மீட்புக் குறியீடுகள் இருக்கும் அதே காகிதத்தில் எழுதிய பிறகே மாற்றத்தைத் தொடங்குங்கள்.