பந்து எந்த வாசல் வரை வரும்? குடியேறிகளின் கால்பந்துப் படங்களைப் பார்க்க ஒரு வழி

கால்பந்தும் குடியேறியவர்களின் வாழ்க்கையும் கலந்த படங்களைத் தேடிப்பிடித்து நண்பர்களுக்குத் திரையிடுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. எதில் தொடங்குவது, எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கோல்களை எண்ணாதீர்கள். ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இந்த மனிதரைப் பந்து எந்த வாசல் வரை கூட்டிப்போகிறது, எந்த வாசலில் கைவிடுகிறது? இந்த வகைப் படங்களில் நல்லவை எல்லாம் அந்த இரண்டாவது வாசலில்தான் உயிர் பெறுகின்றன.

தொடங்குவதற்கு 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018). ஸக்கரியா இயக்கிய மலையாளப் படம். மலப்புறத்தில் செவன்ஸ் என்ற எழுவர் ஆட்டத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வீரர்களை வரவழைக்கிறார்கள். நைஜீரியாவிலிருந்து வந்த சாமுவேலை ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிறது; ஆனால் எந்த நாட்டுக்காரன் என்று கேட்டுக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை, எல்லாருக்கும் அவன் சுடானி, அதாவது சூடான்காரன்தான். கால் முறிந்து அவன் படுத்ததும் படம் மைதானத்தை விட்டு மேனேஜர் மஜீதின் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் முழுக் கவனம் வேண்டும். மஜீதின் உம்மாவும் பக்கத்து வீட்டு மூதாட்டியும் சாமுவேலைப் பராமரிக்கும் காட்சிகளில் சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வராது, அவனுக்கு மலையாளம் வராது. யார் எதைப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை முகத்தையும் கையையும் வைத்து நீங்களே பிடித்துக்கொள்ள முடியும். பிறகு பாஸ்போர்ட் காணாமல் போகிறது. நேற்றுவரை கைதட்டு வாங்கியவன் அந்தச் சின்னப் புத்தகம் இல்லாமல் யாராகிறான் என்று பாருங்கள்.

அடுத்து, நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கக்கூடிய 'பென்ட் இட் லைக் பெக்கம்' (2002). இயக்குநர் குரிந்தர் சத்தா நைரோபியில் பிறந்து லண்டனின் சவுத்தாலில் வளர்ந்தவர். பலரும் இதை வீட்டுக்குத் தெரியாமல் பந்து விளையாடும் பெண்ணின் கலகலப்பான கதையாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தப் பெண் ஜெஸ்ஸை விட்டுவிட்டு அவள் அப்பாவைப் பின்தொடருங்கள். அனுபம் கேர் நடித்திருக்கிறார். நைரோபியில் வேகப்பந்து வீச்சாளராக இருந்த சீக்கியர். இங்கிலாந்துக்கு வந்ததும் கிரிக்கெட் கிளப்பில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் மகளைத் தடுப்பதற்குக் காரணம் பழமைவாதம் என்று முதல் முறை தோன்றும். தான் பட்ட அவமானம் அவளுக்கு வேண்டாம் என்ற பயம் என்பது இரண்டாம் முறைதான் முழுதாகத் தெரியும். அயர்லாந்துக்காரப் பயிற்சியாளர், இனவசை கேட்ட வலி தனக்கும் புரியும் என்று சொல்லும் இடமும் இருக்கிறது. சில நொடிதான், தவறவிடாதீர்கள்.

மூன்றாவது என் சொந்த விருப்பம்: 'தி கப்' (1999). இயக்குநர் கியென்ட்சே நோர்பு ஒரு பௌத்த லாமா. நடித்தவர்களும் நிஜத் துறவிகள். நாடு இழந்த திபெத்தியர்கள் இந்தியாவில் நடத்தும் மடம் ஒன்றில் 1998 உலகக் கோப்பையைப் பார்த்தே தீரவேண்டும் என்று துடிக்கும் சிறுவன் ஒர்ஜியென்தான் கதையின் மையம். டிவியும் டிஷ்ஷும் வாடகைக்கு எடுக்கக் காசு போதவில்லை. திபெத்திலிருந்து அண்மையில் தப்பிவந்த ஒரு சின்னப் பையனுக்கு அம்மா கொடுத்த கைக்கடிகாரத்தை வாங்கி ஒர்ஜியென் ஈடாக வைக்கிறான். இறுதி ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மனம் கேட்காமல் எழுந்துபோகிறான். இவ்வளவு ஆசைப்பட்ட ஆட்டத்தை விட்டு ஏன் எழுகிறான் என்று உடன் பார்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாகவே அகதி வாழ்க்கைக்குப் போய்விடும். என்றாவது ஊர் திரும்பலாம் என்று பெட்டி கட்டியே வைத்திருக்கும் வயதான மடாதிபதியையும் கவனியுங்கள். அவருக்குக் கால்பந்தே தெரியாது. ஆனாலும் படத்தின் பாரம் முழுக்க அவர் பெட்டியில் இருக்கிறது.

இவற்றுக்குப் பிறகே ஆவணப்படத்துக்கு வாருங்கள். 'தி வொர்க்கர்ஸ் கப்' (2017), ஆடம் சோபெல் இயக்கியது. 2022 உலகக் கோப்பைக்காகக் கத்தாரில் கட்டுமான வேலை செய்த தொழிலாளர்கள், கம்பெனிவாரியாக அணி சேர்ந்து ஒரு போட்டியில் ஆடுகிறார்கள். இந்தியா, நேபாளம், கானா, கென்யா என்று பல நாட்டுக்காரர்கள் ஒரே கேம்ப்பில் இருக்கிறார்கள். கானாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், கிளப்பில் கால்பந்து ஆடத்தான் கூட்டிப்போகிறோம் என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பி வந்தவர். கிடைத்தது கட்டுமான வேலை. மாலையில் அவர் கோல் அடித்தால் முதலாளிமார் கைகுலுக்குகிறார்கள். ஆனால் வேலை மாறவோ நாடு திரும்பவோ அந்த முதலாளியின் சம்மதம் வேண்டும் என்பதுதான் அப்போது அங்கிருந்த கஃபாலா முறை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒவ்வொரு கைகுலுக்கலும் வேறு மாதிரி இருக்கும்.

ஆவணப்படத்தில் இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்கவேண்டும்: இந்தக் கேமரா யார் அனுமதியில் உள்ளே வந்தது? அந்தப் போட்டியை ஆதரித்ததே உலகக் கோப்பை ஏற்பாட்டுக் குழு. தொழிலாளரின் மகிழ்ச்சி உண்மையானது, அந்த மகிழ்ச்சியால் மற்றவருக்குக் கிடைக்கும் நல்ல பெயரும் உண்மையானது. படம் இரண்டையும் மறைக்கவில்லை. அதனால்தான் இதை நான் அவ்வளவு மதிக்கிறேன்.

'ஜிடேன்: 21ஆம் நூற்றாண்டின் ஒரு சித்திரம்' (2006) பொறுமை இருப்பவர்களுக்கு. ரியல் மாட்ரிட், வில்லாரியல் அணிகள் 2005 ஏப்ரல் 23 அன்று மோதிய ஆட்டத்தில் 17 கேமராக்கள் பிரெஞ்சு வீரர் ஜிடேன் ஒருவரையே தொடர்கின்றன. அல்ஜீரியாவிலிருந்து வந்த கபில் என்ற பெர்பர் இனப் பெற்றோருக்குப் பிரான்ஸின் மார்சேயில் பிறந்தவர் அவர். இதை ஹெட்ஃபோனில் பாருங்கள். கூட்டத்தின் இரைச்சல் எழுந்து, அடங்கி, அவர் மூச்சு மட்டும் கேட்கும். சிறுவயதில் விளையாடும்போது பிரெஞ்சுத் தொலைக்காட்சி வர்ணனையாளர் ஒருவரின் குரல் தன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னது திரையில் எழுத்தாக வருகிறது. குடியேறியவர் வீட்டுப் பிள்ளை தன் ஆட்டத்தை அந்த நாட்டின் குரலிலேயே கேட்டிருக்கிறான்! 1998இல் அவர் ஆடிய பிரான்ஸ் அணி உலகக் கோப்பை வென்றபோது நாடே தன் பல இனக் கலவையைக் கொண்டாடியது. 2001 அக்டோபரில் பாரிஸ் அருகே பிரான்ஸும் அல்ஜீரியாவும் மோதியபோது பிரெஞ்சு தேசிய கீதத்துக்கு அரங்கில் கூச்சல் எழுந்தது, ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கியதால் ஆட்டம் பாதியில் நின்றது. படத்துக்கு முன் இந்த இரண்டையும் படித்துவிட்டு உட்காருங்கள்.

'கோல்!' (2005) போன்ற வெற்றிக் கதைகளைக் கடைசியில் பார்த்தால் போதும். மெக்சிகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ், அங்கிருந்து நியூகாசில் என்று சுகமாக ஓடும் படம். முதலில் பார்த்தால் மற்றப் படங்களிலும் அதே முடிவை எதிர்பார்ப்பீர்கள்.

பிள்ளைகளோடு பார்ப்பதானால் 'தி இயர் மை பேரன்ட்ஸ் வென்ட் ஆன் வெகேஷன்' (2006). 1970, பிரேசிலில் ராணுவ ஆட்சி. பெற்றோர் தலைமறைவாக, சாவோ பாவ்லோவில் யூதரும் இத்தாலியரும் குடியேறிய போம் ரெட்டீரோ பகுதியில் ஒரு பையன் உலகக் கோப்பைக்குள் அப்பா வந்துவிடுவார் என்று காத்திருக்கிறான். அந்த ஆட்சியைப் பற்றி முன்கூட்டியே இரண்டு வரி சொல்லிவிடுங்கள்.

படம் முடிந்ததும் பேசுவதற்கு அவசரப்படாதீர்கள். எழுத்தோட்டம் முடியும் வரை விளக்கைப் போடாமல் இருப்பது என் வழக்கம். பிறகு "பிடித்ததா?" என்று கேட்காமல், "ஆட்டத்துக்கு மறுநாள் காலை இவர் எங்கே போவார்?" என்று கேளுங்கள். அறையில் ஊரை விட்டு வந்தவர் யாராவது இருந்தால், எல்லாக் கண்களும் அவரைத் தேடும். அந்த மௌனத்தில் அவரைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவராகப் பேச ஆரம்பித்தால், அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.